ஆச்சிக்கு மூக்கு வைக்க விளாச்சேரி வரை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எந்தக் கடைக்குள்ளும் நிமிர்ந்து நடந்து போக முடியாது. மேலே உத்தரத்திலிருந்து லாந்தர்களும் தூக்குச் சட்டிகளும் தொங்குகின்றன. கீழே கால் வைக்கிற இடமெல்லாம் பீங்கான் ஜாடி. நடுவில் விட்டிருக்கும் சந்தில் ஒருக்களித்து நுழைந்தால், ஒரு பக்கம் ஓரத்தில் நீலக் கோடு போட்ட எனாமல் தட்டுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கும். இன்னொரு பக்கம் சாவி தொலைந்த பித்தளைப் பூட்டுகள், முள் நின்றுபோன சுவர்க் கடிகாரங்கள், மரவைகள், தேக்குத் தூணின் தலையிலிருந்து கழற்றிய போதிகைகள். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் யாரோ ஒரு செட்டியாரும் ஆச்சியும் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் படமும் விற்பனைக்குத்தான்.

நாங்கள் போனது ஆவணியில். நவராத்திரிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. நாங்கள் என்றால் நானும் என் சின்ன நாத்தனாரும். அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. மாமியாரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கி, இந்த வருஷம் தன் வாடகை வீட்டில் ஐந்து படி வைக்கப் போகிறாள். ஒதுக்கியிருந்தது பத்தாயிரம் ரூபாய். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் போன வருஷமே விலை விசாரித்து வைத்திருந்தாள். தசாவதார செட் ஒன்று, கல்யாண ஊர்வலம் ஒன்று, கலசத்துக்கு இரண்டு பக்கமும் நிறுத்தப் பெரிய பொம்மைகள், மடக்கு ஸ்டாண்டு என்று போனால் பணம் அங்கேயே தீர்ந்துவிடும். “அண்ணி, பொம்மைக்கே எல்லாம் போயிட்டா ஒன்பது நாள் சுண்டலுக்கும் தாம்பூலத்துக்கும் எங்க போறது?” என்றாள். நியாயமான கேள்வி.

பழைய சாமானைக் காரைக்குடியில் வாங்குவது, உடைந்ததை மதுரைப் பக்கம் விளாச்சேரியில் சரிசெய்வது என்று யோசனை சொன்னது நான்தான். அவளுக்கு முதலில் முகம் சுண்டிவிட்டது. முதல் கொலுவை யாரோ கழித்துப்போட்ட பொருளை வைத்து ஆரம்பிப்பதா? எனக்கு அதில் தயக்கமே இல்லை. எங்கள் வீட்டில் கொலுப்படி என்று தனியாக எதுவும் கிடையாது. அடியில் டிரங்குப் பெட்டி, அதற்கு மேல் பலகை, அதற்கு மேல் அரிசி டின், தாத்தாவின் சட்டப் புத்தகங்கள், ஓர் ஓரத்தில் உயரம் போதாமல் இரண்டு செங்கல். எல்லாவற்றையும் மூடி ஒரு வெள்ளை வேட்டி. பொம்மைகளும் அப்படித்தான் சேர்ந்தன. வருஷத்துக்கு ஒன்று புதிதாக வாங்க வேண்டும் என்பது வழக்கம். மற்றதெல்லாம் பாட்டி கொண்டுவந்தது, பக்கத்து வீட்டார் ஊர் மாறும்போது கொடுத்தது. விநாயகர் சதுர்த்திப் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைத்துவிடுகிறோம். கொலுப் பொம்மைக்கு அந்த விதி இல்லை. பத்தாம் நாள் அதைப் படுக்க வைத்து, பழைய துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, அடுத்த வருஷம் எடுக்கிறோம். மொத்த செட்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கி அடுக்குவது பிற்பாடு வந்தது. அப்படி அடுக்கிய கொலுவைப் பார்க்கும்போது எனக்குக் கடையைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

பிற்பகலில் எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் திருச்சி, புதுக்கோட்டை வழியாக இரவு காரைக்குடி. மறுநாள் காலையில் தெருவுக்குப் போய்விட்டோம். கடைகள் அவசரமில்லாமல்தான் திறக்கின்றன.

இந்தத் தெருவுக்கு இவ்வளவு சாமான் எங்கிருந்து வருகிறது என்பது செட்டிநாட்டைச் சுற்றியவர்களுக்குத் தெரியும். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியிலும் இங்கே ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக வீடு கட்டினார்கள். தேக்கு பர்மாவிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. எனாமல் பாத்திரம் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது சாமான் பரப்புவார்கள். வெள்ளி, பித்தளை, எனாமல், மரம் என்று வகை வகையாகக் கல்யாண வீட்டில் ஊரார் பார்க்கப் பரப்பி வைப்பது. பிறகு அது இரண்டாம் கட்டு அறைகளுக்குள் போய்ப் பூட்டப்படும். உபயோகிக்கவே படாமல் தலைமுறை தாண்டிய தட்டுகள் உண்டு.

1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. பர்மா சுதந்திரம் அடைந்தபின் அங்கே நிலங்கள் நாட்டுடைமையாயின. பணம் வந்த வழி அடைபட்டது. வீடோ பங்காளிகள் பலருக்குப் பொது. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டும் என்றால்கூட எல்லோரும் ஒப்ப வேண்டும். ஒப்பாமல் போன வீடுகள் சில இடிந்தன, சில விலைக்குப் போய்ப் பிரிக்கப்பட்டன. தூண் ஒரு வண்டியில், கதவு ஒரு வண்டியில், பாத்திர பண்டம் ஒரு வண்டியில். பிரமாதமான தூண்களும் கதவுகளும் ஓட்டல்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் போய்விடுகின்றன. மிச்சம், அதாவது விளிம்பு உதிர்ந்த தட்டு, மூடி இல்லாத டப்பா, ஜோடியில் ஒன்று மட்டும் தப்பிய விளக்கு, இதெல்லாம் எங்களைப்போலக் கையைச் சுருக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு.

முதலில் கண்ணில் பட்டது பித்தளை. நாத்தனார் ஒரு சின்ன குத்துவிளக்கைக் கையில் எடுத்ததும் கடைக்காரர் தராசைப் பார்த்தார். பித்தளையை எடைக்குப் போடுகிறார்கள், அதற்கு மேல் பழமைக்கு ஒரு விலை. எங்கள் பணத்துக்கு அது ஒத்துவராது. வைத்துவிடச் சொன்னேன். எனாமல்தான் நமக்கு. ஓரத்தில் உதிர்ந்து துரு தெரியும் தட்டையோ பேசினையோ வாங்க ஆளில்லை. சாப்பிட உதவாது, சேகரிப்பவர்களும் குறை உள்ளதை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் கொலுவுக்கு? அகலமான ஒரு பேசின், உள்ளே வெளிர் நீலம். தண்ணீர் ஊற்றி நடுவில் ஒரு மண்டபத்தை நிறுத்தினால் தெப்பக்குளம் ஆயிற்று. சாதாரணமாக இதற்குப் பிளாஸ்டிக் டப்பில் மணலைக் கொட்டிக் கண்ணாடித் துண்டு வைப்பார்கள். இருநூற்றைம்பது சொன்னார், நூற்றைம்பதுக்குக் கொடுத்தார். துருப்பிடித்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, நிறமற்ற வார்னிஷ் இரண்டு கை பூசினால் பத்து நாள் தண்ணீர் தாங்கும். மண்டபத்துக்கும் அங்கேயே வழி கிடைத்தது: ஏதோ அலமாரியின் தலையில் இருந்து பெயர்த்த, கடைசல் வேலை செய்த சின்னத் தேக்குக் கால்கள் நான்கு. மேலே மூடி போனதொரு பர்மா அரக்குச் சிமிழைக் கவிழ்த்தால் விமானம். கடைக்காரப் பையன் சிமிழைத் தன் உள்ளங்கையில் கவிழ்த்துக் காட்டியபோதுதான் அது எங்களுக்கே தெரிந்தது.

மரச்சாமான் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துளை இருப்பதால் மட்டும் பயமில்லை. பழைய மரத்தில் துளை இருக்கும். தரையில் தட்டிப் பார்த்தால் மாவுபோலப் புதுத் தூள் கொட்டுகிறதா என்பதுதான் சோதனை. கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் கொலு முடிந்ததும் கட்டிலுக்கு ஏறிவிடும். படிகளுக்கு என்று பார்த்த கதவுப் பலகைகளில் ஒன்றை அப்படித்தான் திருப்பிக் கொடுத்தோம்.

பொம்மைகள் இருந்தது மூன்றாவதோ நான்காவதோ கடையில், ஒரு தகரப் பெட்டியில், வைக்கோலுக்கு நடுவே. கிளி ஒன்று, சிவப்புத் தலைப்பாகைப் போலீஸ்காரர் ஒருவர், தடி பிடித்த காந்தி, மடிப்புக் கலையாத ஷெர்வானியில் நேரு. அந்தந்தக் காலத்தில் யார் பெரியவர்களோ அவர்களெல்லாம் கொலுவில் ஏறியிருக்கிறார்கள். படிகளைப் பார்த்தே அந்த வீட்டில் எந்தப் பத்து வருஷத்தில் பொம்மை வாங்கினார்கள் என்று சொல்லிவிடலாம். பெட்டியின் அடியில் செட்டியாரும் ஆச்சியும். தொப்பையும் திருநீறுமாகச் சம்மணம் போட்ட செட்டியார், பக்கத்தில் கொண்டை போட்ட ஆச்சி, முன்னால் பரப்ப வேண்டிய அரிசி பருப்புக் கடை. இந்த ஜோடி இல்லாமல் எந்தக் கொலுவும் நிறையாது. ஆனால் பாருங்கள், கொலுவில் உட்கார்ந்திருப்பவர் மளிகைக் கடைக்காரர். ரங்கூனில் கிட்டங்கி வைத்து லட்சக்கணக்கில் கடன் கொடுத்த நகரத்தாருக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு நகரத்தார் வீட்டுச் சாமானோடு சாமானாக அவர் வந்து கிடந்ததை நான் ரசித்தேன். செட்டியாருக்கு ஒரு கட்டைவிரல் இல்லை. ஆச்சிக்கு மூக்கு இல்லை.

“மூளி பொம்மை அண்ணி, வைக்கக் கூடாதும்பாங்களே?” என்றாள் நாத்தனார். அப்படிச் சொல்வது உண்மைதான். விரிசல் விட்டதையும் விரல் போனதையும் கொண்டுபோய் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். சென்னையில் பல கோவில் மரங்களின் அடியில் நல்ல பொம்மைகள் மழையில் கரைந்துகொண்டிருக்கின்றன. பெட்டியோடு ஆயிரத்து இருநூறு என்றார் கடைக்காரர். பேசிப் பேசி எண்ணூற்றைம்பதுக்கு வந்தது. பெட்டியும் சேர்த்துத்தான். அந்தப் பெட்டி முதல் படியாகும் என்று நான் அவளிடம் அப்போது சொல்லவில்லை, பேரம் முடியட்டும் என்று.

அதே கடையில் ஒரு படம் இருந்தது. ரவிவர்மா பாணி லட்சுமி அச்சு. புடவைக்கு ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்து, நகைக்குச் சின்னச் சின்ன மணிகள் கோத்திருந்தார்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின், அவர் வரைந்த தெய்வ உருவங்கள் சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தன. வந்த படத்தை வீட்டுப் பெண்கள் அப்படியே விட்டுவிடவில்லை. மிச்சத் துணி, அறுந்த மாலை, பழைய புடவைக்கரை ஜரிகை, இவற்றையெல்லாம் வைத்து அம்மனுக்கு உடை தைத்தார்கள். மலிவாகக் கிடைத்த ஒன்றைக் கையில் இருப்பதைக் கொண்டு விசேஷத்துக்கு உரியதாக்குவது நாங்கள் கண்டுபிடித்த வேலை இல்லை என்பதற்கு அந்தப் படத்தைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அவளுக்குக் கை துறுதுறுத்தது. கறுத்துப்போன ஜரிகையைப் பிரித்துப் புதிதாக வைக்கலாம் என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். எல்லாப் பழையதும் நம் கத்தரிக்கோலுக்காகக் காத்திருக்கவில்லை. விளிம்பு போன பேசினில் நாம் என்ன செய்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இதில் ஒரு தையலைப் பிரித்தாலும் திரும்ப வராது. விலையும் எங்கள் எல்லைக்கு வெளியே இருந்ததால் வாக்குவாதம் நீளவில்லை.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பமோ ஓவியமோ தொல்பொருள். பதிவு செய்ய வேண்டும், விற்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும், நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அழகாக இருக்கிறதே என்று பழைய பஞ்சலோகச் சிலையையோ தேரிலிருந்து பெயர்த்த மரச்சிற்பத்தையோ யாராவது மலிவாகக் கொடுத்தால் ஆசைப்படாதீர்கள். கோவிலிலிருந்து வந்த பொருளாகக்கூட இருக்கலாம். தட்டு, டப்பா, பொம்மை என்று இருந்தால் நிம்மதி. எதற்கும் ரசீது கேட்டு வாங்குங்கள்.

சாயங்காலம் தெருமுனையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்டினியும் சாப்பிட்டோம். செட்டிநாட்டுக்குப் போய்விட்டுக் கோழியைப் பற்றியே எழுதுகிறவர்கள் இந்தப் பணியாரத்துக்குத் துரோகம் செய்கிறார்கள்.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குப் பஸ். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடட்டுமா என்று ஒரு முறை கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். மாட்டுத்தாவணியில் இறங்கி, பெரியார் பஸ் நிலையம் போய், விளாச்சேரிக்கு டவுன் பஸ் பிடிக்கலாம். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்து ஊர். தமிழைச் செம்மொழி என்று முதலில் வாதாடிய பரிதிமாற் கலைஞர் 1870இல் பிறந்தது இங்கேதான். அவர் வீடு நினைவில்லமாக இருக்கிறது. பொம்மைக்காக வருகிறவர்களில் எத்தனை பேர் அதற்குள் எட்டிப் பார்க்கிறார்களோ.

ஊருக்குள் நுழைந்ததும் பொம்மைத் தெரு எது என்று விசாரிக்க வேண்டியதில்லை. திண்ணைகளில் தலையில்லாத கிருஷ்ணர்கள் வரிசையாகக் காய்கிறார்கள். வாசலில் சாக்குமேல் கைகள் மட்டும். இங்கே வேளார் குடும்பங்கள் தலைமுறையாக மண்ணில் வேலை செய்கின்றன. கண்மாய் மண்ணை ஊறவைத்து, சலித்து, மிதித்து, அச்சில் அழுத்துகிறார்கள். அச்சு இரண்டு பாதி, முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று. இரண்டையும் ஒட்டி எடுத்தால் உள்ளே பொள்ளல். காற்றுப் போக அடியில் ஒரு துளை. நிழலில் காயவைத்துச் சூளையில் சுட்டபின்தான் வண்ணம். பழைய பொம்மையைத் திருப்பிப் பாருங்கள்: விரிசல் பெரும்பாலும் காதோரமாக மேலிருந்து கீழே ஓடும். அந்த இரண்டு பாதியும் சேர்ந்த இடம் அது.

நாங்கள் போன வீட்டில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முருகனுக்கு மயில் பூசிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து காட்டினோம். முதலில் அவர் செய்தது ஒவ்வொன்றையும் எடுத்து நகத்தால் சுண்டியது. செட்டியாரைச் சுண்டினால் ணங்கென்று கேட்டது. “சுட்ட மண்ணு.” கிளியைக் கையில் எடுத்ததுமே வைத்துவிட்டார். “காயிதக் கூழு. தண்ணி பட்டுச்சுன்னா அம்புட்டுத்தான்.” நேருவின் அடியை ஊக்கால் கீறினார், வெள்ளையாகத் தூள் வந்தது. “மாவு பொம்ம.” மாவு என்று அவர் சொன்னது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை. இந்த மூன்றும் தெரியாமல் பழைய பொம்மையைக் கையில் எடுக்கக் கூடாது. அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் காட்டினால் காகிதக் கூழ் ஊறி உப்பிவிடும், மாவு பொம்மை முகம் மழுங்கிவிடும். சுட்ட மண்ணும்கூட, மேலே பூசியிருப்பது நீர் வண்ணமானால் வெளுத்துவிடும். காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நாத்தனார் மூளி விஷயத்தை அவரிடமே கேட்டுவிட்டாள். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பூச பண்ண சாமி சிலைன்னா அதுக்கு ஐயருகிட்ட கேளுங்க. இது கொலுவுக்கு வக்கிற பொம்ம தாயி. பொம்ம ஒடைஞ்சா ஒட்டுறதுக்குத்தானே நாங்க இருக்கோம்?”

வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட்டார். செட்டியாரின் விரல் இருந்த இடத்தில் ஊசியால் துளை போட்டு, ஒரு இணுக்குக் கட்டுக்கம்பியைச் செருகினார். அதைச் சுற்றி எம்-சீல் பிசைந்து விரலாக உருட்டினார். கம்பி இல்லாமல் வெறுமே ஒட்டினால் துணியில் சுற்றும்போது முதலில் விழுவது அதுதான். கிளியின் சிறகு விரிசலுக்கு எம்-சீல் கிடையாது. சாக்பவுடரில் பெவிகால் விட்டு, தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, விரலால் இழுத்துவிட்டார். காய்ந்தபின் நைஸ் உப்புத்தாள், பிறகு வெள்ளை, பிறகு பச்சை. போலீஸ்காரரின் வண்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தது. அதை நானே தேய்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். நனைத்த உப்புத்தாள், மூக்கில் துணி. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பொம்மையை உலர்ந்த தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் பறக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது.

ஆச்சியின் மூக்குக்குத்தான் நேரம் பிடித்தது. எம்-சீலில் ஒரு மிளகு அளவு எடுத்து ஒட்டி, ஈர்க்குச்சியால் துவாரம் வைத்து, சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, பிய்த்துப்போட்டு, மறுபடி வைத்தார். “மூக்குத்தி ஒத்தையா ரெட்டையா?” என்று கேட்டார். அந்தக் காலத்துப் பெரியவர்கள் இரண்டு பக்கமும் போட்டிருப்பார்கள். ரெட்டை என்றோம். முழுசாகப் புது வண்ணம் அடித்துவிடலாம், பளிச்சென்று இருக்கும் என்று நாத்தனார் ஆரம்பித்தாள். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டார். முகத்தின் பழைய வண்ணம் நிற்கிறது, கண் எழுதிய கை நல்ல கை, அதன்மேல் தான் பூச மாட்டேன் என்றார். மஞ்சளில் துளி காவி, துளி வெள்ளை, துளிக்கும் குறைவாகக் கறுப்பு என்று கலந்து, தன் புறங்கையில் தடவிப் பார்த்து, மங்கிய முகத்துக்கு மங்கிய மூக்கு வைத்தார். போலீஸ்காரருக்கும் கிளிக்கும் தலையிலிருந்து கால்வரை புதிது. ஆச்சிக்கு மூக்கு மட்டும். காரைக்குடியில் படத்தைப் பார்த்து நான் வளவளவென்று சொன்னதை அவர் ஒரு பிரஷ்ஷில் முடித்துவிட்டார்.

புதிதாகப் பூசியவற்றுக்குக் கண் கடைசியில். உடை, நகை, தங்கப்பொடி எல்லாம் காய்ந்தபின், கை அலுக்காத காலை வேளையில் எழுதுவேன் என்று சொல்லி எங்களை மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் போனபோது பக்கத்து அறையில் இடையர்களும் ஆட்டுக்குட்டிகளும் அடுக்கியிருந்ததைப் பார்த்தோம். கிறிஸ்துமஸ் குடிலுக்கு. விளாச்சேரிக்கு விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, கிறிஸ்துமஸ் மூன்றும் வரிசையாக வரும் ஒரே பருவம். பிள்ளையார் வண்டி ஏறியதும் கொலு, கொலு வண்டி ஏறியதும் குடில். குடில் செட்டில் முதலில் உடைவது ஆட்டுக்கால் என்றார். கால் போன ஆடுகளைக் கொண்டுவருகிறவர்களுக்கும் இதே கம்பி, இதே எம்-சீல்தானாம்.

கூலி கேட்டேன். எல்லாப் பொம்மைக்கும் சேர்த்து எழுநூறு சொன்னார். நாத்தனார் பழக்க தோஷத்தில் ஐந்நூறு என்று வாயெடுத்தாள். நான் அவள் காலை மிதித்தேன். ஒரு முழு நாள் வேலை, அதுவும் அந்தக் கண்ணும் கையும். புது பொம்மை அச்சில் வருகிறது, ஒரு நாளைக்குப் பல செய்யலாம். ஒட்டு வேலைக்கு அச்சு கிடையாது, ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்ய வேண்டும். அதனால்தான் அதை எடுக்கிறவர்கள் குறைவு. பழையதை வாங்கிச் சிக்கனமாக இருந்தேன் என்று நாம் பெருமைப்படும்போது, அந்தச் சிக்கனம் யார் கூலியிலிருந்து வந்தது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

புதுசாக ஒரு பொம்மையும் வாங்கினாள், வழக்கம் விடக் கூடாதே. வீணை பிடித்த சரஸ்வதி. ரயில், பஸ், அறை வாடகை, சாப்பாடு நீங்கலாக, சாமானுக்கும் கூலிக்கும் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே முடிந்தது. பயணச் செலவையும் சேர்த்தால் பத்தாயிரத்தை ஒட்டி வந்துவிடும். ஆகவே சென்னையிலிருந்து இதற்காக மட்டும் கிளம்புவது லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் கல்யாணமோ குலதெய்வமோ இருந்தால் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இருக்கும் ஊரிலேயே பாருங்கள்: சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் கடைகள், வீடு காலி செய்கிற தெரிந்தவர்கள், உங்கள் பரணிலேயே கிடக்கும் பெட்டி. பழுது பார்க்கவும் விளாச்சேரி மட்டும் இல்லை. பண்ருட்டி, காஞ்சிபுரம், சென்னைக் கொசப்பேட்டை என்று பொம்மை செய்யும் இடங்களில் எல்லாம் கேட்டுப் பார்க்கலாம்.

போவதாக இருந்தால் ஆவணியிலேயே போய்விடுங்கள். மகாளய அமாவாசை நெருங்கிவிட்டால் இந்த ஊர்களில் புது பொம்மைக்குக் கண் எழுதவே ஆள் போதாது, உங்கள் பழைய பொம்மைக்கு மூக்கு வைக்க யாரும் உட்கார மாட்டார்கள். பழைய வேட்டி இரண்டு எடுத்துப் போங்கள், சுற்றிக் கொண்டுவர உதவும். காரைக்குடியில் தாராளமாகப் பேரம் பேசுங்கள், அவர்களும் அதை எதிர்பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். விளாச்சேரியில் மட்டும் கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.